பேஸ் கிட்டார் பிக்கப்: ஒலியை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பேஸ் கிட்டாரின் ஒலி திருப்தியாக இல்லை என்றதும் பலருடைய கண் முதலில் போவது பிக்கப் மீதுதான். புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். சில சமயம் சரியாகவும் ஆகும். ஆனால் பெரும்பாலும் நாம் தேடுகிற ஒலியில் பெரும்பகுதி கையில் இருக்கும் கிட்டாரிலேயே கிடைத்துவிடும். பிக்கப்பின் உயரம், குமிழ்களை வைக்கிற விதம், தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோம் என்பது, இந்த மூன்றையும் பலர் சோதித்தே பார்ப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டி ஒப்பிடுவதில் தொடங்கி, மாற்றுவதில் முடிகிறது. வரிசையை மாற்றாமல் போங்கள். கடைசிப் படிக்கு வருவதற்குள் புது பிக்கப் தேவையா இல்லையா என்று உங்கள் காதே சொல்லிவிடும்.

பிக்கப் எதைக் கேட்கிறது?

உள்ளே இருப்பது எளிமையான விஷயம்தான். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவுக்கு மெல்லிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. அதுதான் கேபிள் வழியாக ஆம்புக்குப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிக்கப் முழுத் தந்தியையும் கேட்பதில்லை, தனக்கு நேர் மேலே இருக்கிற சிறு பகுதியை மட்டுமே கேட்கிறது. அடித் தந்தியான ஈ, திறந்த நிலையில் சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதே நேரத்தில் 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் அதிர்கிறது. இந்த ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தந்தியில் அசையாத புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளியில் பிக்கப் இருந்தால் அந்த மேற்சுரம் அதற்குக் கேட்காது.

வழக்கமான பேஸ் கிட்டாரில் தந்தியின் நீளம் 34 அங்குலம். பிரிட்ஜிலிருந்து, அதாவது தந்தி கிட்டாரின் உடலில் முடியும் இடத்திலிருந்து, எட்டரை அங்குலத்தில் ஒரு பிக்கப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது தந்தியின் கால் பங்கு. திறந்த தந்தியை மீட்டினால் நான்கு மடங்கு மேற்சுரம் அங்கே அசைவதில்லை. இப்போது 12ஆம் ஃப்ரெட்டை அழுத்துங்கள். தந்தி 17 அங்குலமாகச் சுருங்குகிறது, அதே பிக்கப் இப்போது நடுவில் நிற்கிறது. காணாமல் போவது இரண்டு மடங்கு மேற்சுரம். ஆக, எல்லா ஸ்வரத்துக்கும் பொருந்தும் மாய இடம் என்று ஒன்று கிடையாது. பிரிட்ஜை நெருங்க நெருங்க அடிச்சுரம் மெலிந்து மேற்சுரங்கள் முன்னே வரும். நெக்கை, அதாவது கழுத்துப் பகுதியை, நெருங்க நெருங்க அடிச்சுரம் கனக்கும். என் கணிப்பில், பிக்கப்பின் பிராண்டைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் ஒலியை அதிகம் தீர்மானிக்கிறது.

படி 1: மற்ற எல்லாவற்றையும் நிலையாக வையுங்கள்

ஒப்பிடும்போது ஒரே ஒரு விஷயம்தான் மாற வேண்டும். ஆம்பில் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுநிலையில் வையுங்கள். கம்ப்ரசர், ஓவர்டிரைவ் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரே கேபிளை வைத்துக்கொள்ளுங்கள். பாசிவ் கிட்டாரில் (பேட்டரியில் ஓடும் மின்சுற்று இல்லாதது) கேபிள் நீள நீள அதன் மின்தேக்கம் கூடி, பளிச்சென்ற மேல் ஒலி மங்கும்.

தந்தி பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். புது ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) தந்திக்கும் பல மாதம் ஓடிய ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) தந்திக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு நல்ல பிக்கப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. மோடவுன் இசைப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒலியைத் தேடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவர் வாசித்தது ஃபெண்டர் நிறுவனத்தின் 1962ஆம் ஆண்டு பிரெசிஷன் பேஸ். அதில் ஃப்ளாட்வவுண்ட் தந்தி, பிரிட்ஜ் மூடியின் அடியில் தந்தியை அமுக்கும் ஸ்பாஞ்சு, மீட்டுவது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும். அதே வகை பிக்கப்பை வாங்கிப் புது ரவுண்ட்வவுண்டை மாட்டி இரண்டு விரலால் பிரிட்ஜ் பக்கத்தில் மீட்டினால் அந்த ஒலி வரவே வராது. பிக்கப் மேல் குற்றம் இல்லை. முதலில் தந்தியை முடிவு செய்யுங்கள், அப்புறம் பிக்கப்.

படி 2: உயரத்தைச் சரிசெய்யுங்கள்

செலவே இல்லாத வேலை, ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். ஈ தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். பிறகு ஜி தந்தியிலும் அப்படியே. ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று தொடங்குவது நல்லது. அங்கிருந்து அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

மிக நெருக்கமாக வைத்தால் சத்தம் கூடும், கூடவே தொந்தரவும் வரும். காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் லேசாக அலைபாயும். ட்யூனர் முள் ஓரிடத்தில் நிற்காது. தடித்த ஈ தந்தியில் இது முதலில் தெரியும். தள்ளி வைத்தால் சத்தம் குறையும், ஆனால் மீட்டலின் மென்மையும் வன்மையும் நன்றாகப் பிரிந்து கேட்கும். சத்தத்தை ஆம்பில் கூட்டிக்கொள்ளலாம், நசுங்கிப்போன மீட்டலை ஆம்பில் மீட்க முடியாது. எனவே சந்தேகம் வந்தால் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

இரண்டு பிக்கப் இருந்தால் அவற்றுக்குள்ளும் சமநிலை வேண்டும். பிரிட்ஜ் பக்கம் தந்தியின் அசைவு சிறியது என்பதால், அந்தப் பிக்கப்பைத் தந்திக்குச் சற்று நெருக்கமாக உயர்த்தினால்தான் நெக் பிக்கப்புக்கு ஈடாக ஒலிக்கும். பிரிட்ஜ் பிக்கப் ஒல்லியாக இருக்கிறது என்று குறைப்படும் கிட்டார்கள் பலவற்றில் இந்த ஒரு திருகுதான் தீர்வு.

படி 3: உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

நடுவில், ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு துண்டுகளாக இருந்தால் அது ஸ்ப்ளிட் காயில், அதாவது பிரெசிஷன் வகை. 1951இல் வந்த முதல் பிரெசிஷனில் ஒற்றைச் சுருள்தான் இருந்தது. 1957இல் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு துண்டு ஈ, ஏ தந்திகளுக்கு, மற்றது டி, ஜி தந்திகளுக்கு. இரண்டும் எதிரெதிர் முனைக் காந்தத்தோடு எதிர்த்திசையில் சுற்றப்பட்டவை என்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

நீளமாக, ஒல்லியாக இரண்டு இருந்தால் ஜாஸ் வகை. இது 1960இல் வந்தது. ஒவ்வொன்றும் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். பிரிட்ஜ் பக்கம் அகலமான ஒரே பிக்கப், பெரிய காந்த முனைகளோடு இருந்தால் அது மியூசிக் மேன் வகை ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப். 1976இல் ஸ்டிங்ரே கிட்டாரோடு, உள்ளேயே ப்ரீஆம்ப் (ஒலியைக் கூட்டிச் சரிசெய்யும் சிறு மின்சுற்று) வைத்து வந்தது. நடுவில் பிரெசிஷன் வகை, பிரிட்ஜில் ஜாஸ் வகை என்று இரண்டும் கலந்திருந்தால் பீஜே என்பார்கள்.

சோப்புக்கட்டி மாதிரி மொழுமொழுவென்று மூடிய பிக்கப் இருந்தால் வெளித்தோற்றத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சோப்பார் என்பது ஒரு வடிவம் மட்டுமே. உள்ளே சிங்கிள் காயிலும் இருக்கலாம், ஹம்பக்கரும் இருக்கலாம். வெளியே வரும் ஒயர்களின் எண்ணிக்கை ஓரளவு காட்டிக்கொடுக்கும். நான்கு ஒயரும் ஒரு காப்பு ஒயரும் வந்தால் உள்ளே பெரும்பாலும் தனித்தனியாக இணைக்கக்கூடிய இரண்டு சுருள்கள் இருக்கும்.

படி 4: ஒரே வரியை வாசித்துக் கேளுங்கள்

ஒப்பிடுவதற்கென்று ஒரு சின்ன வரியை அமைத்துக்கொள்ளுங்கள். அதில் திறந்த ஈ ஒருமுறை, டி, ஜி தந்திகளில் நடு ஃப்ரெட்டுகள், நீளமாக நிற்கும் ஒரு ஸ்வரம், கையால் அமுக்கி எழுப்பும் ஓரிரு மொட்டை ஒலிகள், எல்லாம் வரட்டும். வலது கை எப்போதும் ஒரே இடத்தில் மீட்டட்டும். பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறியதும் கையும் தானாகவே பிரிட்ஜ் பக்கம் நகர்ந்துவிடும். அதைத் தடுக்காவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது பிக்கப்பை அல்ல, கையை.

ஸ்ப்ளிட் காயிலில் கவனிக்க வேண்டியது கீழ்-நடு ஒலியின் கனம். ஒவ்வொரு ஸ்வரமும் திடமாக, ஒரே துண்டாக வந்து நிற்கும். தனியாகக் கேட்டால் கொஞ்சம் முரட்டுத்தனமாகக்கூடத் தோன்றும். இன்னொன்று, ஈ, ஏ துண்டு நெக் பக்கமும் டி, ஜி துண்டு பிரிட்ஜ் பக்கமும் தள்ளி இருப்பதால் அடித் தந்திகள் பருமனாகவும் மேல் தந்திகள் சற்றுக் கூர்மையாகவும் ஒலிக்கும். சில கிட்டார்களில் இதைத் தலைகீழாக வைத்திருப்பார்கள். அப்போது ஈ இறுகி, ஜி கனக்கும். ஐந்து தந்திக் கிட்டாரில் பி தந்தி குழகுழவென்று இருந்தால் இந்தத் தலைகீழ் அமைப்பைப் பரிசீலிக்கலாம்.

ஜாஸ் வகையில் மூன்று நிலைகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நெக் மட்டும்: உருண்டையான, திறந்த ஒலி. பிரிட்ஜ் மட்டும்: மூக்கால் பேசுவது மாதிரி நடு ஒலி தூக்கி நிற்கும். ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பாடவைத்தது இந்தப் பிரிட்ஜ் பிக்கப்பைத்தான். ரவுண்ட்வவுண்ட் தந்தி, பிரிட்ஜை ஒட்டிய மீட்டல், இரண்டும் சேர்ந்த விளைவு அது. மூன்றாவது நிலை, இரண்டும் முழுதாக. தந்தியை இரண்டு இடங்களில் கேட்டுச் சேர்ப்பதால் சில மேற்சுரங்கள் ஒன்றையொன்று தணித்து, நடு ஒலி குழிந்து, மேலும் கீழும் பளிச்சென்று எழும். ஸ்லாப், அதாவது கட்டைவிரலால் தந்தியை அறைந்து, வாசிப்பவர்கள் விரும்பும் ஒலி இது. மார்கஸ் மில்லரின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் இதற்கு அடையாளமாகிவிட்டது, அவருடையதில் ப்ரீஆம்பும் சேர்த்திருக்கிறார்.

இப்போது பலர் செய்யாத ஒரு சோதனை. இரண்டு வால்யூமும் முழுதாக இருக்கும்போது ஒன்றை மட்டும் கொஞ்சம், மிகக் கொஞ்சம் குறையுங்கள். குழிந்திருந்த நடு ஒலி எழுந்து வருவது கேட்கும். பாசிவ் ஜாஸ் பேஸில் மிகவும் பயனுள்ள பகுதி அந்த முதல் சிறு திருப்பம்தான். அதோடு இரைச்சலும் எட்டிப்பார்க்கும். இரண்டும் சமமாக இருக்கும்போது மட்டுமே இரைச்சல் முழுதாக அடங்கும்.

மியூசிக் மேன் வகையில் தாக்குதல் முன்னே நிற்கும், ஸ்வரம் தொடங்கும் கணம் கூர்மையாக இருக்கும். பேஸ் கலைஞர்கள் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், லூயிஸ் ஜான்சன் இருவரையும் கேட்டால் ஒரே வகைக் கிட்டார் விரல் மீட்டலிலும் ஸ்லாப்பிலும் எப்படிப் பேசுகிறது என்று புரியும். ஸ்டிங்ரேயில் இரண்டு சுருள்களும் பக்க இணைப்பில் (பேரலல்) இருப்பது அந்தத் தெளிவுக்கு ஒரு காரணம். தொடர் இணைப்பில் (சீரிஸ்) போட்டால் சத்தமும் நடு ஒலியும் கூடும், மேல் ஒலி குறையும். நான்கு ஒயர் ஹம்பக்கர் இருந்தால் ஒரு சிறு சுவிட்ச் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம்.

படி 5: டோன் குமிழையும் ப்ரீஆம்பையும் தனியே சோதியுங்கள்

பாசிவ் டோன் குமிழ் எதையும் கூட்டாது, மேல் ஒலியை வெட்ட மட்டுமே செய்யும். பரவலாக வைக்கப்படும் கெபாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட். இதைவிடச் சிறிய மதிப்பு போட்டால் குமிழை முழுதாக மூடினாலும் ஒலி அவ்வளவு இருண்டுபோகாது. குமிழின் மின்தடையும் ஒலியில் பங்கெடுக்கும். 250 கிலோ ஓம் வழக்கமானது, 500 போட்டால் சற்றுப் பளிச்சென்று வரும். பிக்கப் மந்தமாக இருக்கிறது என்று தோன்றினால் அதை மாற்றும் முன் இந்த மலிவான பாகங்களைப் பாருங்கள்.

ஆக்டிவ் என்ற சொல்லில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களில் பிக்கப் சாதாரண பாசிவ் வகைதான், பின்னால் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் இருக்கும். சிலவற்றில் பிக்கப்புக்குள்ளேயே மின்சுற்று இருக்கும். அவற்றுக்கு 25 கிலோ ஓம் குமிழ்கள் வேண்டும், 250 போட்டால் குமிழ் படிப்படியாக வேலை செய்யாமல் சுவிட்ச் போல நடந்துகொள்ளும். ஒப்பிடும்போது ப்ரீஆம்பை நடுநிலையில் வைக்கவும், பாசிவுக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதைப் பயன்படுத்தவும். பேஸ் குமிழைக் கூட்டி வைத்துக்கொண்டு பிக்கப்பை எடைபோட முடியாது. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களில் கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

படி 6: ஒரே சத்தத்தில் பதிவு செய்து ஒப்பிடுங்கள்

ஒப்பீடு பெரும்பாலும் தவறிப்போவது இங்கேதான். இரண்டு ஒலிகளில் ஒன்று மிகச் சிறிதளவு சத்தமாக இருந்தாலும், அதுதான் நல்ல ஒலி என்று காது தீர்ப்பு எழுதிவிடும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடிச்சுரங்கள் குறைவாகவே கேட்கும். சத்தம் கூடக்கூட அவை நிறைந்து வரும். எனவே சத்தமாக இருக்கும் பிக்கப், கனமான பிக்கப் என்ற பெயரையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது.

ஆம்பைத் தவிர்த்து, ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக நேரடியாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பதிவு. பிறகு மென்பொருளில் எல்லாவற்றின் சராசரி சத்தத்தையும் ஒன்றாக்குங்கள். உச்ச அளவை மட்டும் பார்த்துச் சமப்படுத்தினால் போதாது, ஸ்லாப் பதிவின் உச்சம் எப்போதும் ஏமாற்றும். அப்புறம் கோப்புகளின் பெயரை மறைத்து, வேறொருவரை வரிசை மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். எது எது என்று தெரியாமலே ஒன்றைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் அந்த விருப்பத்தை நம்பலாம்.

படி 7: மற்ற வாத்தியங்களோடு சேர்த்துக் கேளுங்கள்

பேஸ் கிட்டார் தனியாக ஒலிப்பது அறையில் பயிற்சி செய்யும்போது மட்டும்தான். டிரம்ஸும் கீபோர்டும் குரலும் சேர்ந்த ஒரு பதிவின் மேல் உங்கள் ஒவ்வொரு பதிவையும் வைத்துப் பாருங்கள். தனியாகக் கேட்டபோது அழகாகக் குழிந்து மின்னிய ஒலி, கூட்டத்தில் காணாமல் போகலாம். தனியே முரடாகத் தெரிந்த ஸ்ப்ளிட் காயில், கிக் டிரம்முக்கும் கிட்டாருக்கும் நடுவே தனக்கென்று இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். பிரெசிஷன் வகை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே கலவையைக் கைபேசியின் சிறு ஸ்பீக்கரிலும் கேளுங்கள். அது 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் மேற்சுரங்கள் போதிய அளவு இருந்தால், இல்லாத அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். கைபேசியில் உங்கள் வரி சுத்தமாக மறைந்துவிடுகிறது என்றால் தேவை அதிக பேஸ் அல்ல, நடு ஒலி. பிரிட்ஜ் பிக்கப்பைக் கொஞ்சம் கலந்து பாருங்கள்.

படி 8: இதன் பிறகும் குறை இருந்தால்

இப்போது குறை என்னவென்று உங்களால் துல்லியமாகச் சொல்ல முடியும். இரைச்சல்தான் பிரச்சினை என்றால், ஜாஸ் கிட்டாருக்கு அதே வடிவில் உள்ளே இரண்டு சுருள் வைத்த, இரைச்சல் இல்லாத பிக்கப்புகள் கிடைக்கின்றன. உட்குழியில் தாமிரத் தகடு ஒட்டுவது பரபரவென்ற சத்தத்தைக் குறைக்கும், ஆனால் மின்மாற்றியின் காந்தப்புலத்தால் வரும் உறுமலை அது நிறுத்தாது. பீஜே கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்பைக் கூட்டும்போது மட்டும் உறுமினால், அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

வாங்கும்போது மின்தடை எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பிரெசிஷன் வகை சுமார் 10 முதல் 12 கிலோ ஓம், ஜாஸ் வகை சுமார் 7 முதல் 8. ஒரே வகைக்குள் ஒப்பிடும்போது எண் கூடினால் சுற்றுகள் கூட என்று ஊகிக்கலாம். சுற்றுகள் கூடினால் சத்தமும் நடு ஒலியும் கூடும், மேல் ஒலி குறையும். வேறு வேறு வகைகளுக்கு இடையே இந்த எண் எதையும் சொல்லாது. அல்னிகோ காந்தம் இளக்கம், செராமிக் இறுக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் காந்தம் மாறும்போது சுற்றும் அமைப்பும் சேர்ந்தே மாறுவதால், வித்தியாசம் முழுவதையும் காந்தத்தின் கணக்கில் எழுத முடியாது.

அளவையும் முன்கூட்டியே பாருங்கள். ஜாஸ் வகையில் நெக் பிக்கப்பைவிடப் பிரிட்ஜ் பிக்கப் சற்று நீளமாக இருக்கும் கிட்டார்கள் பல. காந்த முனைகள் தந்திக்கு நேராக வருகின்றனவா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

பழைய இணைப்பைப் படம் எடுத்து வைத்த பிறகே சூட்டுக்கோலைத் (சால்டரிங் அயர்ன்) தொடுங்கள். புது பிக்கப்பைப் பொருத்தியதும் இரண்டையும் முழுதாகத் திறந்து ஈ தந்தியை மீட்டுங்கள். ஒவ்வொன்றும் தனியாக நன்றாக ஒலித்து, சேர்ந்ததும் அடிச்சுரமே இல்லாமல் தகரம் போல ஒலித்தால் இரண்டும் எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்றின் ஒலியை மற்றது அழிக்கும்படி, இணைந்திருக்கின்றன. ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி ஒட்டினால் சரியாகிவிடும். அந்த ஒயர்களில் ஒன்று பிக்கப்பின் உலோக மூடியோடோ வெளிக்காப்போடோ சேர்ந்திருந்தால் மாற்றக் கூடாது, மாற்றினால் மூடியைத் தொடும்போதெல்லாம் இரைச்சல் கிளம்பும். அப்படியிருந்தால் மற்ற பிக்கப்பின் ஒயர்களை மாற்றுங்கள். பிறகு உயரத்தைப் படி 2இல் சொன்னபடி முதலிலிருந்து அளந்து வையுங்கள், பழைய பிக்கப்புக்குப் பொருந்திய அளவு புதியதற்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.